இருவழி ரிக்கற்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் உள்பக்கங்களிலும் கோயில் மதில்களிலும் இந்தியத் தலயாத்திரை அறிவித்தல்கள் அடிக்கடி கண்ணில் படும். சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில், திருக்கடையூர், திருநள்ளாறு, தஞ்சாவூர், ஆறுபடைவீடு, இராமேஸ்வரம். இன்னும் கொஞ்சம் காசு கட்டினால் காசி. சைவச் சாப்பாடு, ஏசி பஸ், அனுபவமுள்ள வழிகாட்டி. ஆர் போவார்கள் என்று மட்டும் அதில் இராது. காங்கேசன்துறையிலோ பலாலியிலோ ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் அது எழுதத் தேவையில்லாத விசயம் என்று விளங்கும். ஓய்வுபெற்ற ரீச்சர்மார், கணவனை இழந்தவர்கள், தங்கைமாரைக் கரைசேர்த்துவிட்டுத் தாங்கள் கலியாணம் செய்யாமலே இருந்துவிட்ட மூத்த அக்காமார், பிள்ளைகள் எல்லாம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க வளவையும் நாயையும் காவல்காக்கிற அம்மாமார். ஐம்பத்தைந்துக்குக் குறைந்தவர்கள் அரிது. நடுவே இரண்டு மூன்று கணவன்மாரும் இருப்பார்கள். சூட்கேஸ் தூக்க உதவுவார்கள். மூன்றாம் நாளிலிருந்து முழங்கால் நோவென்று பஸ்ஸுக்குள்ளேயே இருந்துவிடுவார்கள்.

இவர்களை வெறும் பக்தைகள் என்று எழுதினால் அவர்களே சிரிப்பார்கள். பக்தி உண்டு. சிதம்பரத்தில் திரை விலகும்போது கண்ணீர் வழிய நிற்பவர்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பக்தியின் தோளில் கைபோட்டுக்கொண்டு வேறொன்றும் கூடவே வருகிறது. குடாநாட்டுப் பெண் ஒருத்தி தன் விருப்பத்துக்காகக் கடல் கடந்து, சொன்ன திகதிக்குத் திரும்பி வருவதென்பது எங்கள் சமூகத்தில் அண்மைக்காலச் சங்கதி.

கடல் கடப்பது புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குப் போனார்கள். ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துவிட்டு ‘மலாயன் பென்சனியர்’ ஆகத் திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். அவர்களுடைய மனைவிமார் கப்பலேறியது கலியாணப் பேச்சின் ஒரு பகுதியாக. சீதனப் பட்டியல் மாதிரியே பயணமும் பெரியவர்கள் தீர்மானித்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். கப்பலுக்குப் பெண்ணின் பெயர். அதை ஓட்டிப்போன வல்வெட்டித்துறைக்காரர் எல்லாரும் ஆம்பிளைகள்.

பிறகு 1983 வந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் மூன்று இலட்சம் அளவில் ஈழத்தமிழர் அகதிகளாகத் தமிழ்நாட்டில் கரையிறங்கினார்கள். மண்டபம் முகாம் என்பது எங்கள் வீடுகளில் ஒரு ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது. அந்தப் படகுகளில் பெண்கள் கூட்டமாகத்தான் இருந்தார்கள், பிள்ளைகளை மடியில் அமர்த்தி, வாயைப் பொத்திக்கொண்டு. அதே காலத்தில் இன்னொரு வரிசையும் தொடங்கியது: வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பேசப்பட்ட பெண்கள். ஏஜென்சிக்காரன் சொன்ன வழியில், சில வேளை வேறொருத்தியின் பெயரில், தெரியாத விமானநிலையங்களில் நாட்கணக்காகக் காத்திருந்து போனவர்கள். அதில் எத்தனை பேர் தங்கள் தாயின் செத்தவீட்டுக்குத் திரும்பி வர முடிந்தது?

நான் அதிகம் யோசிப்பது மூன்றாவது வகைப் பயணத்தைப் பற்றி. மகளுக்கோ மருமகளுக்கோ பிள்ளைப்பேறு பார்க்கப் போன அம்மாமார். கனடா 2011 டிசம்பரில் பெற்றோருக்கும் பேரன் பேத்தி கண்டவர்களுக்குமாக சுப்பர் விசாவைக் கொண்டுவந்த பிறகு இந்தப் போக்குவரத்து இன்னும் கூடிற்று. என் பெரியம்மா அப்படிப் போனவர். காயச்சரக்கும் வறுத்த மிளகாய்த்தூளும் ஒரு சூட்கேஸ் நிறைய. ஸ்காபரோவில் எத்தனையாவதோ மாடியில், மார்கழிக் குளிரில், மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு பச்சைக் குழந்தையோடு யன்னல் வழியே கார்த் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நயாகராவுக்கு ஒரு நாள் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றைக்கும் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், “நல்ல குளிர் பிள்ளை” என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. அதே பெரியம்மா இந்தியாவுக்குப் போய்வந்த கதையை எடுத்தால், கும்பகோணத்தில் பித்தளைக் குத்துவிளக்கு விலைபேசினதிலிருந்து பஸ் றைவருக்கும் சமையல்காரருக்கும் வந்த சண்டை வரைக்கும் பின்னேரத் தேத்தண்ணி ஆறும்வரை சொல்லுவார். கனடாவில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. இந்தியாவில் ஒன்றும் இருக்கவில்லை. ஒருத்தி ஒரு இடத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் பயண இலக்கியம் எங்கேயும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

ஏன் கோயில்? யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் “தாய்லாந்து பார்க்கப் போறன்” என்றால் வீட்டில் மூன்று கேள்வி வரும்: ஆரோட, என்னத்துக்கு, காசு ஆர் தாறது. “சிதம்பரம் போறன்” என்றால் ஒரு கேள்வியும் இல்லை. விபூதிக்கும் பிரசாதத்துக்கும் சொல்லி அனுப்புவார்கள். சிதம்பரத்துக்கும் இந்த மண்ணுக்கும் இருக்கிற உறவு அப்படிப்பட்டது. பறங்கியர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து, அவர்களுக்கு இறைச்சிக்கு மாடு கொடுக்க மனமில்லாமல் தப்பிப்போனதாகச் சொல்லப்படும் ஞானப்பிரகாசரின் பெயரில் அங்கே ஒரு குளமே இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். எங்கள் காணிகள் பலவற்றின் வருமானம் அந்தக் கோயிலின் பேரில் எழுதி வைக்கப்பட்டது. ஆகவே சிதம்பரம் போகிறவள் ‘வெளிநாடு’ போகிறாள் என்று எவருக்கும் படுவதில்லை. கடவுச்சீட்டு, விசா, காசு மாற்றல் எல்லாம் உண்டு. ஆனாலும் அது கோயிலுக்குப் போவதுதான். இந்தச் சலுகையைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நன்றாகவே விளங்கி வைத்திருக்கிறார்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் மோட்டார்ப் படகு ஏறுவதும், செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து போகிற பாதயாத்திரையும் இதே அனுமதியின் சிறிய, பெரிய வடிவங்கள். தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண்கள் இன்னும் ஒரு படி மேல்: இராமேஸ்வரத்துப் பெண்களோடு ஒரே மணலில் இருந்து ஒரே செபமாலை சொல்லிவிட்டுக் கடவுச்சீட்டில் ஒரு முத்திரையும் இல்லாமல் வீடு வந்துவிடுவார்கள்.

அனுமதி என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வருகிற பெண் சீதன வீட்டுக்குச் சொந்தக்காரி. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச்சட்டத்தின்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை அவள் விற்க முடியாது. வேலைக்காக வெளிநாடு போகிற பெண்களுக்கு 2013இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கட்டாயமாக்கியது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்றார்கள். டொலர் தீர்ந்துபோன 2022இல் அந்த வயது இரண்டாக இறங்கிற்று. தகப்பன்மாருக்கு இப்படி ஒரு அறிக்கையும் கிடையாது. வெளிநாடு போகிற பெண்ணைப் பற்றி அரசுக்கும் ஊருக்கும் ஒரே மாதிரியான பதற்றம்தான். கூட்டமாகப் போனால் அந்தப் பதற்றம் பாதியாகிறது. இந்தியா 2018இல் ஹஜ் கொள்கையை மாற்றியபோது, நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்கள் நான்கு பேராவது சேர்ந்தால் ஆண் காவலர் இல்லாமலே போகலாம் என்றது. நாலு பெண்கள் சேர்ந்தால் ஒரு ஆம்பிளைக்குச் சமன் என்று அதற்கு ஒரு கணக்கும் சொல்லலாம். நாலு பெண்களுக்கு ஆம்பிளையே தேவையில்லை என்றும் சொல்லலாம். எங்களூர் யாத்திரைக் குழுக்களில் இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் ஓடுகிறது.

காவல் என்றால் கண்காணிப்பும் சேர்ந்துதான். ஆர் எத்தனை சேலை வாங்கினது, ஆர் மகனிடமிருந்து வாட்சப்பில் ஏச்சு வாங்கினது, ஆர் திருச்சியில் குழுவை விட்டுத் தனியே ஓட்டோ பிடித்துப் போனது எல்லாம் கப்பல் காங்கேசன்துறையில் கட்டுவதற்கு முன்னமே ஊருக்கு வந்து சேர்ந்துவிடும். குழுக்கள் சேர்கிற விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கோயிலடி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஊர் என்றுதான் ஆட்கள் சேர்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஊர் என்றால் பெரும்பாலும் அதற்குள்ளே சாதியும் அடங்கிவிடும். இரண்டு ஊரார் கலந்த குழுவில் லொட்ஜ் அறையை ஆரோடு பங்குபோடுவது என்பது முதல் இரவே முகத்தில் தெரிகிற பிரச்சினை. வெளியே சொல்வது என்னவோ, “எனக்கு ஃபான் காத்து ஒத்துக்கொள்ளாது.” 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகவென்று வந்து வாசலில் தடுக்கப்பட்டவர்களின் தலைமுறையைச் சேர்ந்த ஒரு அம்மா தஞ்சைப் பெரிய கோயிலின் பிராகாரத்தில் என்னோடு நடந்தார். அங்கே எவருக்கும் அவர் ஆர் என்று தெரியாது. எந்த ஊர், எந்தப் பகுதி என்று கேட்க ஒருவரும் இல்லை. அவர் எல்லாரையும்விட மெதுவாகச் சுற்றினார். மற்றவர்கள் அவருக்குக் கால் ஏலாதென்று நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

காசு ஆர் தருவது என்ற கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் அனுப்புகிற காசு என்பதுதான் பொதுவான நினைப்பு. அது முழு உண்மையில்லை. குடாநாட்டில் இருநூறு வருசமாகப் பெண்பிள்ளைகள் படித்து வருகிறார்கள். உடுவில் மகளிர் பள்ளி தொடங்கியது 1824இல். அந்தப் படிப்பு ஆயிரக்கணக்கான ஆசிரியைகளை உண்டாக்கியது, ஆசிரியை என்றால் மாதம் முடிய ஒரு பென்சன். யாத்திரைக் குழுக்களின் முதுகெலும்பே ஓய்வுபெற்ற ரீச்சர்மார்தான். இருபத்தைந்து முப்பது பேரைக் கைதட்டி வரிசையில் நிறுத்துகிற பழக்கம் அவர்களுக்கு உண்டு என்பதும் ஒரு காரணம். பென்சன் இல்லாதவர்களுக்குச் சீட்டு. ஒழுங்கையில் இருக்கிற பன்னிரண்டு பெண்கள் மாதாமாதம் கட்டி, ஒருத்தியின் முறை வரும்போது அவள் தாலிக்கொடி மீட்பதா மதில் கட்டுவதா என்று யோசித்துவிட்டு, இரண்டையும் தள்ளிவைத்து யாத்திரைக்குக் கட்டுகிறாள். 2022இல் எங்கள் ரூபாய் விழுந்தபோது இந்திய ரூபாய் ஒன்றுக்கு எங்கள் காசு நாலு ரூபாய்க்கு மேல் போய்விட்டது. அந்த வருசம் கணக்குப் பார்த்துக் கைவிட்டவர்கள் உண்டு. விட்டவர்கள் அடுத்த சீட்டைத் தொடங்கினார்கள்.

வழி என்பது ஒரு தனிக் கதை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியபோது, கொழும்பில் ரிக்கற் எடுத்தால் சென்னையில் இறங்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ‘இராமானுஜம்’ ஓடியது. அம்மம்மா காலத்துப் பெண்களுக்கு அந்தக் கப்பலின் வாந்தி நாற்றம் வரைக்கும் நினைவிருந்தது. 1984ஓடு அதுவும் நின்றது. அதற்குப் பிறகு ஏறத்தாழ முப்பத்தைந்து வருசம், சிதம்பரம் போக நினைத்த யாழ்ப்பாணத்துப் பெண் முதலில் நானூறு கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும், போர்க்காலத்தில் பாஸ், பொலிஸ் பதிவு எல்லாம் எடுத்துக்கொண்டு. பிறகு கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, விட்டுவந்த வீட்டின் உயரத்துக்கே திரும்பவும் வடக்கே பறக்க வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் நேர்கோட்டில் நூற்றுப்பத்துக் கிலோமீற்றர் அளவுதான். பலாலியிலிருந்து 2019 நவம்பரில் சென்னைக்கு விமானம் பறந்தது. கொரோனாவோடு நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கிற்று. 2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து ‘செரியபாணி’ கப்பல் வந்து, ஒரு கிழமைக்குள் மாரிக்கடலுக்குப் பயந்து திரும்பிப் போனது. 2024 ஓகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ ஓடுகிறது, நூற்றைம்பது பேரோடு, நாலு மணித்தியாலம். நாகப்பட்டினத்தில் இறங்கினால் ஒரு பக்கம் நாகூர், மற்றப் பக்கம் வேளாங்கண்ணி, கொஞ்சம் தள்ளிச் சிக்கலும் திருநள்ளாறும். ஒரே கப்பலில் வந்த மூன்று சமயத்துப் பெண்களும் சுங்கத்தைத் தாண்டியதும் மூன்று பஸ்ஸில் ஏறுவதைப் பார்க்கலாம். முஸ்லிம் பெண்கள் சிலருக்கு இது இன்னும் சிக்கலான புறப்பாடு: 1990 ஒக்டோபரில் குடாநாட்டிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து, வயதான பிறகு சோனகத்தெருவுக்கு மீண்டவர்கள் அவர்கள். திரும்பி வருவது என்றால் என்ன என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இனி பஸ்ஸுக்குள். பல குழுக்கள் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டே போகின்றன. சொதியில்லாமல் எத்தனை நாள் தாங்குவது என்பதுதான் காரணம். சாம்பார் இரண்டு நாள் நல்லாயிருக்கும், மூன்றாம் நாள் ஆரோ ஒருத்தர் பையிலிருந்து வறுத்த தூளை எடுப்பார். தேநீர்க் கடையில் பால் விடாத தேத்தண்ணி கேட்டால் கடைக்காரர் ஏதோ வருத்தக்காரரைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். பயத்தம்பணியாரம், பொரிவிளாங்காய், எள்ளுருண்டை எல்லாம் ஒரு சீற்றிலிருந்து மற்றச் சீற்றுக்குப் போய்க்கொண்டேயிருக்கும். சீனி வருத்தம் உள்ளவர்கள் முதலில் எடுப்பார்கள். நெடுஞ்சாலையில் பஸ் நிற்கிற இடத்தைத் தெரிவது ரொயிலற்றைப் பார்த்து, கோயிலைப் பார்த்தில்லை. ஒரு பெண்கள் குழுவை நடத்தத் தெரிந்தவர் என்று எங்களூரில் பெயரெடுத்தவர்கள், தேவாரம் நன்றாகப் பாடத் தெரிந்தவர்களைவிட, விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையில் எந்தப் பெற்றோல் நிலையத்தில் தண்ணீர் வரும் என்று தெரிந்தவர்கள்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் நடக்கிற ஒரு விசயம் எனக்குப் பெரிதாகப் பட்டது. இந்தப் பெண்கள் இருக்கிறார்கள், இலை போடுகிறார்கள், ஒரு ஆம்பிளை பரிமாறுகிறார். முதல் நாள் பாதிப் பேருக்கு இருக்க முடியவில்லை. எழும்பிப் போய், “தம்பி நான் ஒருக்கா சோறு போடட்டே” என்று அகப்பையைப் பறிக்கிறார்கள். நாலாம் நாளுக்கு அப்படியில்லை. அதற்குள், “இஞ்ச, ரசம் கொண்டு வாரும்” என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கப் பழகிவிடுகிறார்கள். ஒரு ரீச்சர் சொன்னார்: “விடிய எழும்பினால் என்ன கறி எண்டு யோசிக்காமல் எழும்பினது கலியாணம் முடிச்ச பிறகு இப்பதான்.” அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு விஞ்ஞானச் செய்தியைச் சொல்கிற மாதிரி, ஆச்சரியத்தோடு சொன்னார்.

லொட்ஜில் வேறு விதமான வேலை. வெளிநாட்டவர் தங்கினால் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் அறிவிக்கவேண்டும் என்பது இந்தியச் சட்டம். கடவுச்சீட்டுப் பிரதிகள் கட்டாக மேசைக்குப் போகும். “மலையாளமா?” என்று கேட்பார்கள், இல்லையென்றால், “சிலோனா?” அதோடு குரல் மாறும். பரிவும் வரும், சந்தேகமும் வரும். ஓட்டோக்காரர் புலிகளின் தலைவரைப் பற்றிக் கேட்பார், அவர் இருக்கிறாரா இல்லையா என்று. இந்தப் பெண்களில் சிலர் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மழையில் நடந்தவர்கள், சிலர் முள்ளிவாய்க்கால் வரை போய் மீண்டவர்கள். ஓட்டோவில் மீனாட்சி கோயிலுக்குப் போகிற வழியில் அதற்கு என்ன பதில் சொல்வது? “எங்களுக்கு என்ன தம்பி தெரியும், வீட்டில இருந்தனாங்கள்” என்று ஒரு அம்மா சொன்னார். அவருடைய இரண்டாவது மகன் இன்றுவரை வீட்டுக்கு வரவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

திருக்கடையூரில் அது இன்னும் கனக்கும். அறுபதாம் கலியாணம், எண்பதாம் கலியாணம் என்று தம்பதிகள் மாலையும் கழுத்துமாய் நிற்கிற கோயில் அது. அறிவித்தலில் தவறாமல் இருக்கும், ஏனென்றால் தலவரிசையில் அதை விடமுடியாது. கைம்பெண்கள் பாதியாக இருக்கிற ஒரு குழுவை அங்கே கொண்டுபோய் இறக்கினால் என்ன நடக்கும் என்று எவரும் யோசிப்பதில்லை. நான் பார்த்த அளவில் கைம்பெண்கள் அதைச் சுலபமாகவே தாண்டிவிடுகிறார்கள். அபிராமியைக் கும்பிட்டுவிட்டு, அங்கே நிற்கிற கிழவன்மாரின் பட்டுவேட்டியைப் பற்றிப் பகிடி விடுகிறார்கள். கஷ்டப்படுகிறவர்கள் கணவன் காணாமலாக்கப்பட்டவர்கள். பொட்டு வைத்திருக்கிறார்கள், ஆனால் அருகில் ஆளில்லை. அவர்களுக்காக அர்ச்சனைத் தட்டில் என்ன பெயர் சொல்வது, எந்த நட்சத்திரம் சொல்வது, நீண்ட ஆயுள் கேட்பதா ஆத்மசாந்தி கேட்பதா? ஐயர் அவசரப்படுத்துவார். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் மனைவிமாரும் இந்தக் கேள்வியைத் தெருவில் இருந்து கேட்டார்கள். அவர்களுடைய பிரதிநிதிகள் ஜெனீவா வரைக்கும் போனார்கள், சூட்கேஸில் சேலைக்குப் பதில் படங்களும் கோப்புகளும். அவர்களும் கூட்டமாகக் கடல் கடந்த எங்கள் பெண்கள்தான். ஐரோப்பாவின் மிக அழகான ஏரிகளில் ஒன்றின் கரையில், ஏரியைப் பார்க்க நேரமில்லாமல் திரும்பி வந்தவர்கள்.

சுவிற்சர்லாந்து என்றதும் நினைவு வருகிறது. தோமஸ் குக் தன் முதலாவது சுவிஸ் சுற்றுலாவை நடத்தியது 1863இல். அதில் போன ஜெமைமா மொரெல் என்ற யோர்க்‌ஷயர்ப் பெண் ஒரு நாட்குறிப்பு எழுதினார். மலையேறியது, கோவேறு கழுதையில் போனது, பாவாடையை என்ன செய்வது என்ற பாடு எல்லாம் அதில் உண்டு. அது காணாமல் போய், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அகப்பட்டது. இன்றைக்கு நவீன சுற்றுலாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை. எங்கள் ஆக்களிடம் அப்படி ஏதும் உண்டா என்று தேடினால், ஆண்கள் எழுதிய யாத்திரை நூல்கள் கிடைக்கும். தல விருட்சம், தீர்த்தம், பாடல் பெற்ற விபரம் எல்லாம் சுத்தமாக. பெண்கள் எழுதியது பெரும்பாலும் கணக்குக் கொப்பிதான். பெரியம்மாவின் கொப்பியில் ஒரு பக்கத்தில் ‘சுவாமிமலை: அர்ச்சனை 20, பூ 30, வளையல் 150, இளநீர் 2, சறுக்கி விழுந்தது’ என்று இருக்கிறது. விழுந்தது ஆர் என்று இல்லை. பக்கத்துப் பக்கத்தில் சின்னம்மாவுக்கும் மச்சாளுக்கும் வாங்கிய சேலைகளின் நிறம், விலை, ‘மச்சாளுக்குச் சொல்லவேண்டாம்’ என்ற குறிப்போடு. பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற பிள்ளைகள் இந்தக் கொப்பிகளைச் சேர்க்கலாம். ஆடிக்கொருக்கால் வீடு துப்புரவாக்கும்போது அவை பழைய பேப்பர்க்காரனிடம் போய்க்கொண்டிருக்கின்றன.

கோயில் என்ற சாட்டு இன்னும் எத்தனை நாளைக்கு வேண்டியிருக்கும் என்று தெரியவில்லை. என் வயதுக்காரிகள், இன்னும் வேலையில் இருக்கிற ஆசிரியைகள், வங்கிக்காரிகள், இப்போது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் குழுவாகப் போகத் தொடங்கிவிட்டார்கள். அங்கே பத்துமலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள் என்பது வேறு கதை. பெரியம்மாவின் தலைமுறை அப்படி வெளிப்படையாகக் கேட்காது. ஆனால் சென்ற முறை திரும்பி வரும்போது கப்பலில், “எல்லாக் கோயிலும் பாத்தாச்சு தம்பி, அடுத்த முறை எங்கையும் குளிர் இடமாப் பாரும்” என்று ஒரு ரீச்சர் குழுத்தலைவரிடம் சொன்னதை நான் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். குளிர் இடத்தை அறிவித்தலில் போட்டால் ஆக்கள் என்ன சொல்லுவினம்?

அவர் கெட்டிக்காரர். பழனியிலிருந்து மலைப்பாதையில் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கொடைக்கானல். அங்கே குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. அதைக் கட்டியது யாழ்ப்பாணத்துத் தொடர்புள்ள ஒரு பெண்தான்: அவுஸ்திரேலியாவில் பிறந்து, சேர் பொன்னம்பலம் இராமநாதனின் செயலாளராக வந்து, சைவத்தைத் தழுவி அவரை மணந்து லீலாவதியானவர். 1913இல் தொடங்கிய இராமநாதன் மகளிர் கல்லூரியைக் கணவருக்குப் பிறகும் நடத்தியவர். 1936இல் அந்தக் கோயிலைக் கட்டினார். எங்கள் குழுவில் மூன்று பேர் இராமநாதன் கல்லூரியின் பழைய மாணவிகள். “லேடி இராமநாதன் கட்டின கோயிலைப் பார்க்காமல் எப்படி?” என்று அவர்களே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த அறிவித்தலில் பழனிக்குக் கீழே ‘குறிஞ்சி ஆண்டவர் திருக்கோயில், கொடைக்கானல்’ என்று அச்சாகி வந்தது. படகுச் சவாரி அதில் இல்லை. ஆனால் பெரியம்மா ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டிருக்கிறார், சின்னம்மா தனக்கும் ஒன்று வேண்டுமென்று மகளுக்குச் சொல்லிவிட்டிருக்கிறார்.